விஜயதசமி காணாத கருவிகள்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறும் சாலை சோளக்காட்டில் போய்ச் சேர்கிறது. மிளகும் வாழையும் பலாவும் அன்னாசியும் விலைபோகும் சந்தை ஊர் அது. சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சாமையும் தினையும் கேழ்வரகும்தான் அன்றாட உணவு. சாமை சோறாக வேண்டுமானால் உரலும் உலக்கையும் வேண்டும். நெடுநாள் புழங்கிய உலக்கை ஒன்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு இடங்கள் கண்ணில் படும். அடியில் மாட்டிய இரும்புப் பூண் விளிம்பு மழுங்கி, ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். நடுவில் கை பிடிக்கும் இடம் மற்ற பாகத்தைவிடச் சற்றே மெலிந்து, எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருக்கும். இரும்பைத் தேய்த்தவை தானியமும் கல்லும். வைரம் பாய்ந்த மரத்தை மெலிய வைத்தது உள்ளங்கைத் தோல். இப்படிப்பட்ட கருவிகளின் வரலாற்றுக்கே வாழ்நாளைக் கொடுத்துவிடும் அறிஞர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். ஏரும் ஏற்றமும் களைக்கொத்தும் தேடி ஊர் ஊராக அலைவார்கள். வீடு நிறையச் சேர்ப்பார்கள். ஊரார் அவர்களை ஒரு மாதிரியான ஆள் என்பார்கள். அவர்கள் செய்வது உயிரற்ற பொருள்மேல் வைத்த பற்றா, அல்லது ஒருவகை வழிபாடா? இதைச் சமயத்தின் மொழியில் கேட்டால்தான் கேள்வியின் கனம் தெரியும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டாய்ல்ஸ்டவுன் நகரைச் சேர்ந்தவர் ஹென்றி மெர்சர். 1856-இல் பிறந்து 1930-இல் மறைந்த தொல்லியல் அறிஞர். மண்ணைத் தோண்டிக் கற்கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு 1897-இல் ஒரு பழைய சாமான் கடையில் புதிய எண்ணம் பிறந்தது. தம் பாட்டன்மார் பிடித்த ஏரும் அரிவாளும் இராட்டையும் விறகாகவும் கழிவு இரும்பாகவும் போய்க்கொண்டிருந்ததை அங்கே கண்டார். வருங்காலத் தொல்லியலாளர் தோண்டி எடுக்க வேண்டியவற்றை இன்றே எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. அன்றுமுதல் சேர்க்கத் தொடங்கியவர், 1913 முதல் 1916 வரை, தீப்பிடிக்காத காங்கிரீட்டில் கோட்டைபோல் ஓர் அருங்காட்சியகத்தைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். பார்க்க வருபவர்களின் தலைக்கு மேலே, கூரையிலிருந்து வண்டிகளும் படகும் தொங்குகின்றன. ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்களிலும் சட்டங்களிலும் மட்டும் தேடக் கூடாது, வேலை செய்த கைகள் பிடித்த கருவிகளில் படிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. இங்கிலாந்தில் இதே ஆர்வம் புல்வெட்டும் இயந்திரங்கள்மேல் திரும்பியது. நெசவாலையில் துணியின் மேல்பஞ்சைக் கத்தரிக்கும் உருளையைப் பார்த்து, எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்து காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த இயந்திரங்களுக்கென்றே சவுத்போர்ட் நகரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள்.

புல்வெட்டும் இயந்திரம் அங்கே தோட்டக் கருவி. நம் ஊரில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கும். கொங்கு நாட்டு வழக்கில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம். வானம் பார்த்த நிலத்துக்குக் காடு என்று பெயர். வெள்ளையர் காலத்து வருவாய்க் கணக்குகளும் இந்தத் தோட்டக்கால் நிலத்தைப் புன்செயிலிருந்து பிரித்தே பதிந்தன. ஆகவே தமிழ்நாட்டில் தோட்ட இயந்திரத்தின் வரலாறு என்பது நீரை மேலேற்றிய இயந்திரங்களின் வரலாறு, அதாவது ஏற்றத்தின், காளை பூட்டி நீர் இறைக்கும் கவலையின் வரலாறு. அந்த வரலாற்றுக்குத் தம் அறிவைக் கொடுத்தவர் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் சென்னை மாகாணத்தில் வளர்க்க முயன்றவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் மாடும் மனிதனும் எவ்வளவு நீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறார்கள் என்பதையும் அவர் அக்கறையோடு ஆராய்ந்தார். எண்ணெய் இயந்திரமும் பம்பும் கொண்டு இறைக்கும் முறையை இங்கே பரப்பினார். நீரேற்றிப் பாசனம் பற்றி 1912-இல் ஒரு நூலே வெளியிட்டார். கவலையை அளந்தவர்தான் அதற்கு மாற்றையும் கொண்டுவந்தார். இந்த இரண்டு செயல்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தது நம் கேள்விக்கு முக்கியமானது.

இனி சமயம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சேகரிப்பவருக்கு எதிரான வழக்கு வலுவானது. சைவ சித்தாந்தத்தில் கருவி என்பது சடம், மாயையின் காரியம். உயிரைக் கட்டும் மும்மலங்களில் மாயையும் ஒன்று. துறவை வற்புறுத்தும் எந்த மரபும், பொருளைச் சேர்த்துக் குவிப்பவரைப் பற்றறுத்தவர் என்று ஒப்பாது. நூறு கலப்பை வைத்திருப்பவருக்கும் நூறு சவரன் வைத்திருப்பவருக்கும் பற்று என்ற அளவில் வேறுபாடு கிடையாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதே சித்தாந்தம் இன்னொன்றையும் சொல்கிறது. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) என்ற நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுத்தது அருளால்தான். ஆணவ இருளில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும் உயிருக்கு, பொழுது விடியும்வரை மாயை சிறு விளக்காக நின்று உதவுகிறது. உவர்மண் என்ற அழுக்கைச் சேர்த்துத் துணியின் அழுக்கை வெளுப்பதுபோல், மாயையின் கருவிகளைக் கொண்டே மலம் கழிகிறது. ஆகவே கருவி விலக்க வேண்டிய பொருள் என்று சித்தாந்தம் சொல்லவில்லை. பயன்கொள்ள வேண்டியது, பயன்கொண்டு அறிவு பெற வேண்டியது என்கிறது. விளக்கை வைத்து எதைப் பார்த்தோம் என்பதே கேள்வி. விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அது பாசம்.

விளக்கையே பார்த்து மயங்கும் ஆபத்துக்குக் கொல்லிமலையே ஒரு பெயர் வைத்திருக்கிறது: கொல்லிப்பாவை. நற்றிணையும் குறுந்தொகையும் பாடும் அந்தப் பாவை தெய்வத்தின் கைவேலை. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அதன் வனப்பு மாறாது. பிற்கால மரபு அதை இன்னும் வளர்த்து, சிரித்து மயக்கிப் பகைவரைக் கொல்லும் பொறியாக்கியது. தமிழர் கற்பனையில் இயந்திரத்துக்கு மிக நெருங்கி வந்த உருவங்களில் அதுவும் ஒன்று. அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும்: அது தேய்வதே இல்லை. தேயாத அழகு பார்ப்பவனைக் கட்டிப்போடுகிறது, அவன் உயிரையும் எடுக்கிறது. மெருகேற்றி, வண்ணம் பூசி, கண்ணாடிக்குள் பூட்டிய கருவி பாவையாகிவிடுகிறது. உலக்கையின் கதை நேர்மாறானது. அது தேயும். தேய்ந்த அளவுக்கு யாரோ சோறு உண்டிருக்கிறார்கள். கருவிகளைச் சேகரிப்பது பற்றா, வழிபாடா என்ற கேள்விக்கு என் விடை இதிலிருந்துதான் தொடங்குகிறது: வனப்பைச் சேகரித்தால் அது பற்று, தேய்மானத்தைப் படிப்பதற்காகச் சேகரித்தால் அது அறம். தேய்மானம் என்பது கருவியும் மனிதனும் ஒருவரையொருவர் எப்படி மாற்றினார்கள் என்பதற்கான எழுத்துச் சான்று.

மனிதன் கருவியை மாற்றுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். கருவி மனிதனை மாற்றுகிறது என்பதைச் சீன ஞானி சுவாங் சூவின் நூல் ஒரு கதையாகச் சொல்கிறது. கன்பூசியஸின் மாணவர் சீகோங் வழியில் ஒரு முதிய தோட்டக்காரரைப் பார்க்கிறார். கிழவர் கிணற்றுக்குள் இறங்கி, குடத்தில் மொண்டு, சுமந்து வந்து பாத்திக்கு ஊற்றுகிறார். பின்பக்கம் கனத்து முன்பக்கம் இலேசான ஒரு மரப்பொறி இருக்கிறது, அதை வைத்து ஒரே நாளில் நூறு பாத்திக்கு இறைக்கலாம் என்கிறார் சீகோங். அவர் சொன்னது நம் ஏற்றத்தைத்தான். அதை நானும் அறிவேன், ஆனால் பொறி வந்தால் பொறியின் வேலை வரும், அந்த வேலை வந்தால் பொறியின் மனம் வரும், அதற்கு வெட்கப்பட்டே அதைத் தொடவில்லை என்கிறார் கிழவர். இதே உண்மையைச் சைவ சித்தாந்தம் சார்ந்ததன் வண்ணமாதல் என்கிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் நிறத்தைப் பெறும். ஆணவத்தைச் சார்ந்தால் இருளாகும், அருளைச் சார்ந்தால் ஒளியாகும். ஆண்டுக்கணக்கில் கையில் பிடித்திருக்கும் கருவியும் ஒரு சார்புதான். இந்த இரண்டு மரபுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் கருவிகளின் வரலாறு வெறும் தொழில்நுட்பக் கதையாக நின்றுவிடாது; நம் மனம் எவ்வெவற்றின் வண்ணம் ஆகிவந்தது என்ற கதையாகவும் ஆகிவிடும்.

ஆனால் கிழவரின் விடையை அப்படியே ஏற்க முடியாது. குடமும் ஒரு பொறிதான். குயவரின் சக்கரம் இல்லாமல் குடம் பிறக்காது. கிணறும் கடப்பாரையும் மண்வெட்டியும் செய்த வேலை. குடம்வரை போகலாம், ஏற்றம் கூடாது என்று கோடு கிழிக்க அவரிடம் நியாயம் ஏதும் இல்லை. அந்தக் கதையின் முடிவிலேயே கன்பூசியஸ் அவரைப் பற்றி, ஒன்றை அறிந்து இரண்டாவதை அறியாதவர், உள்ளத்தைப் பேணி வெளியைப் பேணத் தெரியாதவர் என்கிறார். பொறி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை என்பதே இதன் பாடம். இந்தப் பொறி எதைச் சுமந்தது, அது போனபோது எது கூடவே போயிற்று, அதை இனி யார் சுமப்பது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல, பழைய கருவி கண்முன் இருக்க வேண்டும். அதைச் செலுத்தியவரின் சொல்லும் வேண்டும். சேகரிப்பாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கவலையை எடுத்துக்கொள்வோம். வடத்தில் கட்டிய சால் கிணற்றுக்குள் இறங்கி நிறையும். இரண்டு காளைகள் சரிவில் இறங்கினால் வடம் உருளைமேல் ஓடி, சால் மேலே வரும். தும்பி என்ற தோல்வாய் சரிந்து நீரைத் தொட்டியில் கொட்டும். காளைகள் பின்னடி வைத்து மேடேறினால் சால் மறுபடி இறங்கும். மாடு களைத்தால் நிறுத்த வேண்டும்; நீர்மட்டம் இறங்கினால் வடம் எட்டாது; கிணறு ஊறும்வரை ஆளும் மாடும் காத்திருக்க வேண்டும். ஏற்றம் இறைப்பதற்குப் பாட்டும் உண்டு. ஏற்றப்பாட்டு களைப்பைப் போக்கியது, கூடவே இத்தனையாவது சால் என்று எண்ணியும் வந்தது. போதும் என்ற சொல் இந்தக் கருவிகளின் உடம்புக்குள்ளேயே இருந்தது. எண்ணெய் இயந்திரமும் பிறகு மின்மோட்டாரும் வந்தபோது காளையின் முதுகுவலி தீர்ந்தது, மனிதனின் பொழுது மிஞ்சியது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் போதும் என்ற சொல்லும் காளையோடு போய்விட்டது. இன்று கொங்கு நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே தோண்டப்படுகின்றன. அன்று அளவைக் காத்தது உழவர்களின் அறம் அல்லவே, மாட்டின் இயலாமைதானே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான், கவலை இறைத்தவர் யாவரும் துறவிகள் அல்லர். அதனால்தான் கவலையை நினைவில் வைத்திருக்க வேண்டும். நேற்றுவரை கருவி தன் இயலாமையால் காத்த அளவை இன்று மனிதன் தன் அறிவால் காக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பொறுப்பு நம் தோளுக்கு மாறியதே பலருக்குத் தெரியவில்லை. பழைய சாலும் வடமும் அதைச் சொல்லும்.

பழைய கருவியைப் படிக்காமல் புதியதைப் பரப்பியவர்களின் கதையும் நம்மிடம் உண்டு. 1860-களின் நடுவில் சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் பொறி, நீரேற்றும் பொறி என்று தருவித்து, சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைக்க வழிசெய்தார். மாகாணத்து உழவர் அவற்றைப் பார்த்துத் தம் கலப்பையைக் கைவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. பண்ணையை ஒட்டி வளர்ந்த வேளாண்மைப் பள்ளி பின்னாளில் கோயம்புத்தூருக்கு மாறி நல்ல கல்வி நிலையமாயிற்று. நீராவிக் கலப்பை நம் மண்ணில் வேரூன்றவில்லை. இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் வந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இங்குள்ள உழவர் பலருடைய பயிர்முறை மிகக் கவனமானது என்றும், அவர்கள் கருவி அவர்கள் நிலைமைக்குப் பொருந்தியது என்றும், குறை பெரிதும் நீரிலும் எருவிலும் இருக்கிறது என்றும் காட்டினார். நாட்டுக் கலப்பையின் எடை மாட்டின் வலுவோடு கணக்குப் பார்க்கப்பட்டது. அதன் கொழு ஊர்க் கொல்லர் அடித்துத் தரக்கூடியது. அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை, கலப்பையின் வடிவிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பிற்போக்காகத் தோன்றியது. ஆணவம் என்பது அறியாமை என்று சித்தாந்தம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கே மிகக் கடுமையான மறுப்பு ஒன்று எழும். உலக்கையைப் புகழ்கிறவர் உலக்கை பிடித்தவரா? கொல்லிமலைப் பெண்களின் தோளும் இடுப்பும் பட்ட பாட்டை அழகாகப் பேசுவது, அந்தப் பாட்டை இன்னொரு முறை அவர்கள்மேல் சுமத்துவது ஆகாதா? இந்த மறுப்புக்கு விடை கொல்லிமலையிலேயே கிடைக்கிறது. சாமையின் மணி மிகச் சிறியது. உமி அதோடு ஒட்டிக் கிடக்கும். உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் அரிசி வரும். வயலிலும் காட்டிலும் வேலை முடித்து வந்த பெண்ணின் மேல் இந்த வேலை விழுந்தது. நியாயவிலைக் கடையில் குத்திய அரிசி கிடைக்கத் தொடங்கியது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் காசும் வந்தது. சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின. பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, திருகுலசாமை என்று பெயர் சொல்லிப் பயிரிட்ட வகைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. குத்தும் பாடு தாங்க முடியாதபோது பெண்கள் கைவிட்டது உலக்கையை மட்டுமா? அதோடு தானியத்தையும் கைவிட நேர்ந்தது.

1990-களிலிருந்து இம்மலையில் பணியாற்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. சிறுதானியத்தைக் காக்க வேண்டுமானால் அதைக் குத்தும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்று, உமி நீக்கும் இயந்திரங்களைச் சிற்றூர்களில் நிறுவி மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. பழமையைக் காப்பாற்ற வந்தது ஒரு புதிய இயந்திரம். உலக்கை ஓய்வு பெற்றதால் சாமைக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் கருவியின் வரலாற்றை அறிந்தவருக்கு இங்கே இன்னொரு வேலை மிஞ்சியிருக்கிறது. எந்தச் சாமை எத்தனை வெயில் காய வேண்டும், எந்தப் பதத்தில் குத்தினால் நொய் ஆகாது, எதைச் சோறாக்கலாம், எதைக் கூழுக்கு வைக்கலாம் என்பதெல்லாம் குத்திய பெண்களின் கையில் இருந்த அறிவு. உலக்கை வலியையும் சுமந்தது, அறிவையும் சுமந்தது. வலியை இறக்கி வைப்பது கருணை. அறிவையும் சேர்த்து இறக்கி வைத்துவிடுவது இழப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியவர், தேய்ந்த பூணைப் பார்த்ததும் அதைத் தேய்த்தவரைத் தேடிப் போகும் சேகரிப்பாளர்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. பழைய கருவிகளில் சாதியின் கறை இருக்கிறது. கவலையின் தும்பியைத் தோலில் தைத்துக் கொடுத்தவர்கள், ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமை மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் கை பட்ட தோல் வழியே வந்த நீர் வயலுக்கு ஆகும். அவர்கள் கை பட்ட குடம் கிணற்றுக்கு ஆகாது என்று ஊர் சொன்னது. அந்தத் தும்பியைப் பொலிவாக மாட்டி வைத்து, மண்மணம் கமழும் வாழ்வு என்று கீழே எழுதி வைப்பது பொய். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்காகத் தும்பியைத் தூக்கி எறிந்தால் சான்றும் போய்விடும். கருவியைக் கைவிட்ட ஊர் கொடுமையைக் கைவிட்டதாகப் பொருளாகாது. மோட்டார் வந்த பிறகும் கிணற்றடியின் தீண்டாமை பல ஊர்களில் நீடித்தது. தேய்மானத்தைப் படிப்பது என்றால் யார் கை தேய்ந்தது, அந்தக் கைக்கு எது மறுக்கப்பட்டது என்று எழுதுவதும் அதில் அடங்கும். அதை எழுதாத சேகரிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கொல்லிப்பாவைதான்.

எப்படிச் சேகரிக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, காந்தியின் வேண்டுகோளின்படி 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வழிநடத்தினார். அச்சங்கத்தின் பணியோடு பிணைந்து எழுந்த வார்தாவின் ‘மகன் சங்கிரகாலயம்’ என்ற அருங்காட்சியகத்தை 1938 டிசம்பர் 30 அன்று காந்தி திறந்து வைத்தார். செக்கும் திரிகையும் இராட்டையும் காகிதம் செய்யும் சட்டமும் அங்கே இடம்பெற்றன. பார்வைப் பொருளாக மட்டும் அவை வைக்கப்படவில்லை. எப்படி இயக்குவது, எங்கே திருத்தினால் உழைப்பு குறையும் என்று ஆராயவும் கற்பிக்கவும் வைக்கப்பட்டன. கிறித்தவரான குமரப்பாவுக்குக் கருவியைப் பற்றிய கேள்வி இறைவனின் படைப்பு ஒழுங்கைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது. இயற்கை திரும்பத் தருகிற அளவுக்குள் நின்று வாழ்வதே நிலைத்த வாழ்வு என்று அவர் நம்பினார். கருவி அந்த அளவை மீறுகிறதா, மதிக்கிறதா என்று பார்த்தார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். காந்தியும் இயந்திரத்துக்கு முழு எதிரி அல்லர். இயந்திரத்தின் மேல் கொண்ட வெறியைத்தான் எதிர்த்தார், தையல் இயந்திரத்துக்கு விலக்கும் அளித்தார். மாயையை வெறுக்காமல், அதன் கட்டுக்குள்ளும் போகாமல் விளக்காகப் பயன்கொள்ளும் சித்தாந்த நிலைக்கு இவர்கள் நிலை வெகு அருகில் இருக்கிறது.

நம் ஆயுத பூஜையும் இதையே செய்து காட்டுகிறது. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் அரிவாளும் மண்வெட்டியும் தறியும் மோட்டாரும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. அன்று அவை வேலை செய்வதில்லை. ஒரு நாள் மட்டும் கருவியைத் தள்ளி நின்று பார்க்கிறோம். இது இல்லாவிட்டால் நாம் இல்லை என்று உணர்கிறோம். மறுநாள் விஜயதசமி. கருவி மறுபடி கைக்கு வருகிறது, தேயத் தொடங்குகிறது. இரண்டு நாளும் சேர்ந்தால்தான் பூஜை நிறைவுறும். பூட்டி வைத்த சேகரிப்பு என்பது விஜயதசமி வராத ஆயுத பூஜை. அப்படியானால் இனி யாரும் புழங்கப்போகாத கவலைக்கும் ஏற்றத்துக்கும் விஜயதசமி ஏது என்று கேட்கலாம். கொல்லிமலையின் விதைச் சேமிப்பு இதற்கு விடை. ஊர் விதை வங்கியில் வைத்த சாமை விதை அங்கேயே கிடந்தால் சில ஆண்டுகளில் முளைக்கும் திறன் குன்றிவிடும். காலம் தவறாமல் எடுத்து விதைத்து, புது விதை எடுத்து வைத்தால்தான் அது விதை. கருவியின் விதைப்பு அதைப் பற்றிய அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது. கவலையால் இனி இறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிணறு ஊறும்வரை காத்திருந்த கணக்கை அதிலிருந்து கற்று, இன்றைய மோட்டாருக்கு நாமே அளவு வகுத்துக்கொண்டால் கவலைக்கு அதுவே விஜயதசமி.

ஆகவே கருவிகளின் வரலாற்றில் மூழ்கிக் கிடக்கும் அறிஞரை நான் மதிக்கிறேன். அவர் செய்வது வழிபாடாக முடியும் என்றும் நம்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அவர் சேர்க்கும் ஒவ்வொரு பொருளோடும் அதைப் புழங்கிய மனிதரின் சொல்லையும் சேர்க்க வேண்டும். இந்தக் கடமை அவரோடு நிற்பதும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ தாழ்வாரத்திலோ ஓர் உலக்கையோ களைக்கொத்தோ சாலோ கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன், வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்தும் முன், அதைப் புழங்கிய பெரியவர் கையில் ஒரு முறை கொடுங்கள். எப்படிப் பிடித்தீர்கள், எங்கே வலித்தது, எதற்காக நிறுத்தினீர்கள், உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வையுங்கள். தேய்ந்த பூணைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகளில் பூண் மட்டும்தான் இருக்கும்.